எழுபது வளைவுக்கு ஒரு டார்க் கன்வெர்ட்டர்

1

புது வண்டியின் கியர்பாக்ஸை இறக்கிய அன்று கொல்லிமலைச் செம்மேட்டுப் பட்டறையில் இருந்தவர்கள்: என் அக்கா வெள்ளையம்மா, பட்டறைக்காரர் தங்கவேல், மாமன் மகன் சின்னராசு, நான். இல்லாதவர்கள்: அப்பா, வண்டி விற்ற கடையிலிருந்து வருவதாகச் சொன்ன மெக்கானிக், ஆஸ்திரேலியாவில் இருந்த என் மனைவியும் மகளும். மெக்கானிக் போன் செய்து ஏதோ காரணம் சொன்னார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, மகளுக்குப் பள்ளிக்கூடம். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். "ஓடற புது வண்டியோட வயித்தைக் கிழிக்கறீங்க. அதை என்னால பாக்க முடியாது" என்று காலையிலேயே மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அது நடந்து இந்தப் பலாப்பழக் காலத்தோடு ஒரு வருடம். இங்கே ஆஸ்திரேலியாவில் இது குளிர்காலம். இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் மகள் யாழினியின் டீச்சர் கொடுத்தனுப்பிய சீட்டு.

வகுப்பில் 'என் குடும்பத்தில் ஒருவர்' என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் மடங்காத தன் அத்தை, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைச்சாலையில் சிமெண்டு மூட்டை ஏற்றிய பிக்கப் ஓட்டுவதாக யாழினி சொல்லியிருக்கிறாள். டீச்சர் மிகவும் பணிவாக எழுதியிருந்தார். குழந்தையின் கற்பனை வளம் அருமையானது. ஆனாலும் உண்மை எது, கற்பனை எது என்று பிரித்துச் சொல்லப் பழக வேண்டிய வயது. வீட்டிலும் கொஞ்சம் உதவினால் நல்லது.

மூன்று முறை படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடச் சீட்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு வந்த முதல் சீட்டு, என் அக்கா கற்பனை என்று சொல்கிறது.

2

நான் வேலை செய்யும் பட்டறை குயின்ஸ்லாந்தில் ஒரு மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிறது. கீழே நகரத்திலிருந்து ஆட்கள் பெரிய கேரவனை இழுத்துக்கொண்டு ஏறி வருவார்கள். மேலே வந்து சேரும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்திருக்கும். நேராக எங்களிடம் வந்து நிற்பார்கள். அந்த ஏற்றம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

வந்த முதல் மாதம் ஃபோர்மேன் ஒரு வண்டியைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார். "மூச்சு வாங்குது" என்பதுதான் எனக்குத் தோன்றியது. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். வண்டி மூச்சை விலைக்கு வாங்குகிறது என்று ஆகிவிட்டது. பட்டறையே சிரித்தது. ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டிக்கு இருந்த நோயை அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அடுத்த வண்டிக்கு வேண்டுமென்றே அதையே சொன்னேன். அதற்கடுத்த வண்டிக்கும் சொன்னேன். ஒன்பது வருடம் ஆகிறது; இன்றைக்கு ஃபோர்மேன் வேலை அட்டையிலேயே அப்படித்தான் எழுதுகிறார்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கிளட்ச் மிதி கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, இரண்டு இருப்புச்சட்டியை எதிரெதிராகக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே எண்ணெய். ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே இன்னொரு மின்விசிறியை வைத்தால் காற்றிலேயே அதுவும் சுற்றும் அல்லவா, அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. இதுதான் டார்க் கன்வெர்ட்டர். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழும், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும், சூடு ஏறாது. பாரத்தோடு ஏற்றத்தில் மெதுவாகப் போனால் பூட்டு விழாது. எஞ்சின் சுற்றுகிற அளவு சக்கரம் சுற்றாமல், மிச்சமெல்லாம் சூடாக எண்ணெயில் இறங்கும். நாங்கள் அந்தக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு உறுதியான பூட்டுள்ள வேறொன்றை வைப்போம். மெதுவாகப் போகும்போதும் பூட்டைப் போட, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான் வைப்போம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று வண்டிக்கு இதைச் செய்கிறேன். அக்காவிடம் இருப்பதும் இங்கே ஓடுகிற அதே வண்டிதான்.

3

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பன்னிரண்டு வயதில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தாள். இடது முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை. அந்த வருடம் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க எங்கள் வீட்டிலிருந்து அவள் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். நான் இதை அடிக்கடி நினைப்பேன். அவள் நினைப்பதாகத் தெரியவில்லை. அவள் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. காலைக் காரணம் சொல்லும் ஊர். வந்த மாப்பிள்ளைகளைக் காரணம் சொல்வாள் அவள்.

மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர் முக்கில் அவளுக்கு ஒரு கடை இருக்கிறது. அரிசி, சர்க்கரை, உரம், சிமெண்டு. முன்பெல்லாம் சரக்கு அடிவாரத்திலிருந்து சின்னராசுவின் வேனில்தான் மேலே வரும். அவனுக்கு மனமிருந்தால் கடை திறந்திருக்கும், இல்லாவிட்டால் பூட்டியிருக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு டீசல் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்று வாங்கினோம்.

லைசென்ஸுக்குப் போன இடத்தில் அதிகாரி மருத்துவச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஏம்மா, இடது கால் என்ன வேலை செய்யும்?"

"இந்த வண்டில இடது காலுக்கு வேலையே இல்லீங்க சார். பாசஞ்சர் மாதிரி சும்மா உக்காந்து வரும்."

அவர் சிரித்துவிட்டார். ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினாள். கிடைத்தது.

வண்டி வந்த மூன்றாம் மாதம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பாரத்தோடு மலை ஏறும்போதெல்லாம் எரிந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கிறது. விற்ற கடையில், "இந்த மலைக்கு ஆட்டோமேட்டிக் தாங்காதுங்க, குடுத்துட்டு மேனுவலா எடுத்துக்குங்க" என்றார்கள். சின்னராசு அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன் போல வந்தான். "மேனுவல் எடுங்க மாமா, நானே ஓட்டிக்கறேன். புள்ள பக்கத்துல உக்காந்து வரட்டும், ஆரு வேண்டாங்கறா?" அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டியை விலை பேச ஒரு ஆளும் வந்து போய்விட்டார்.

அக்கா எனக்கு போன் செய்தாள். அழவில்லை.

"தம்பி, எட்டு வருசமா அங்க என்ன வேலை பண்றே? இதுதான? அப்ப வந்து பண்ணு."

"அக்கா, அதைக் கழட்டுனா வாரண்டி போயிரும்."

"வாரண்டி போனா வண்டி மட்டுந்தான் போகும். வண்டி போனா நான் மறுபடியும் கடைக்குள்ள உக்காந்து சின்னராசு மச்சான் எப்ப வருவான்னு ரோட்டப் பாத்துட்டு இருக்கோணும். என்ற காலுக்குத் தோதா வண்டியை மாத்து சாமி. வண்டிக்குத் தோதா டிரைவரை மாத்தச் சொல்ல ஊருக்குள்ள நெறையப் பேர் இருக்காங்க."

எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் கையடக்கத் திரை ஒன்றை அவளுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் என்ன எண் காட்டுகிறது என்று, கூட வருபவரை விட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். வரைபடத் தாளில் எழுபது புள்ளி வைத்தேன். முப்பதுக்கு மேல் கோடு செங்குத்தாக ஏறியது. நாற்பதுக்கு மேல் தாளே போதவில்லை. அந்த மலையை இங்கிருந்தபடியே படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

4

கன்வெர்ட்டரைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"என்னங்க இது, குக்கரா?"

"வண்டி சாமான் சார். அக்கா வண்டிக்கு."

"அக்கா லாரி ஓட்டறாங்களோ?"

"பிக்கப் சார்."

பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்தார். "கொல்லிமலையா? அங்கிருந்து எப்படி ஆஸ்திரேலியா போனீங்க?"

"மொதல்ல பஸ்ல சார்."

இரண்டரை மணி நேரம் ஆனது, மூன்று படிவம் ஆனது. கொண்டுவரும் நோக்கம் என்ற கட்டத்தில் 'மலை ஏற' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'சொந்த உபயோகம்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த அடித்த எழுத்து இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.

வண்டி விற்ற கடையில் ஒரு காகிதம் நீட்டினார்கள். வாரண்டி ரத்தாவதற்குச் சம்மதம். மேசைக்காரர் மைப் பெட்டியையும் சேர்த்து நகர்த்தினார். அக்கா அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதம் பழகிய கையெழுத்து, லைசென்ஸுக்காகப் பழகியது.

செம்மேட்டில் தங்கவேல் அண்ணன் பட்டறையில் ஒரு குழி உண்டு. அவர் அடிவாரத்து ஆள். ஜீப்பும் டிராக்டரும் அவருக்கு அத்துப்படி. "ஆட்டோமேட்டிக் வயித்துக்குள்ள இதுவரைக்கும் கை விட்டதில்லீங்க தம்பி. நீங்க சொல்லச் சொல்ல நான் செய்யறேன்" என்றார். குழிக்குள் நானும் அவரும். மேலே ஒரு சாக்குக் கட்டின் மேல் காலை நீட்டி அக்கா. வேடிக்கை பார்க்கச் சின்னராசு.

"மாப்ள, திருப்பி மாட்டறப்ப நட்டு ரெண்டு மிச்சமாச்சுன்னா எறிஞ்சுராதே. என்ற வேனுக்கு ஆகும்."

"உன்ற வேனுக்கு நட்டு பத்தாது மச்சான். வேற வேன்தான் வேணும்" என்றாள் அக்கா.

கியர்பாக்ஸ் இறங்க மதியம் ஆனது. பழைய கன்வெர்ட்டரிலிருந்து வடிந்த எண்ணெய் கறுத்து, கருகிய நாற்றம் அடித்தது. புதியதில் எண்ணெய் ஊற்றி, தண்டில் செருகி, மெல்லச் சுற்றினேன். அது உள்ளே போய் உட்காரும்போது மூன்று முறை 'டொக்' என்று கையில் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தது. மூன்றாவது வரவில்லை.

தங்கவேல் அண்ணன் பொறுமையிழந்தார். "போல்ட்டைப் போட்டு முறுக்குங்க தம்பி, தானாப் போய் உக்காந்துக்கும்."

"முறுக்குனா உள்ள இருக்கற பம்ப் ஒடஞ்சுரும்ணா."

முக்கால் மணி நேரம் சுற்றினேன். சட்டை நனைந்துவிட்டது. வெளியே டீ குடிக்க வந்தவர்களெல்லாம் குழியைச் சுற்றி நின்றார்கள். "புது வண்டியை இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது டொக் என்றது. எனக்குக் கையில் தெரிவதற்கு முன்பே அக்கா மேலிருந்து சொன்னாள்: "உக்காந்துருச்சு."

5

மறுநாள் சரக்கு ஏற்ற அடிவாரத்துக்குக் கிளம்பினோம். வண்டியில் ஏறப் போனால், பின்னால் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு கருங்கல்.

எங்கள் பக்கம் பார வண்டி ஏற்றத்தில் நின்றால், பின்னால் இருப்பவர் குதித்துச் சக்கரத்துக்கு அண்டைக் கல் வைப்பார். பழைய வேன்களில் கல்லும் ஆளும் எப்போதும் கூடவே வரும். புது வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன்.

"வாங்குன புதுசுல நாப்பத்திமூணாவது வளைவுல ரெண்டு மொழம் பின்னால போச்சு" என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடி. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் அவளுக்கு இருப்பது ஒரே கால். அதை எடுத்து இதில் வைப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தானாக இரண்டு விநாடி பிடித்து நிறுத்தும் வசதி வண்டியில் உண்டு; அன்று அந்த இரண்டு விநாடி போதவில்லை. அதை நம்பும் மனம் அதற்குப் பிறகு அவளுக்கு இல்லை. பின்னால் வேனில் வந்தது சின்னராசு. சாயங்காலத்துக்குள் செம்மேடு முழுக்க, வெள்ளையம்மா ரிவர்ஸிலேயே மலை இறங்குகிறாள் என்று பேச்சு. அன்றிலிருந்து அப்பா கல்லோடு வருகிறார். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கேட்டதெல்லாம் சூடு எவ்வளவு என்றுதான்.

பன்னிரண்டு மூட்டை சிமெண்டு, நாலு மூட்டை சர்க்கரை, மேலே அப்பா. ஏறத் தொடங்கினோம். பொத்தானைப் போட்டதும் பூட்டு விழுவது இருக்கையில் தெரிந்தது. பத்தாவது வளைவில் திரை எண்பத்தெட்டு காட்டியது. இருபதில் தொண்ணூற்றி இரண்டு. முப்பதைத் தாண்டியும் நூறு தொடவில்லை. என் தாளில் செங்குத்தாக ஏறிய கோடு தரையில் படுத்துக் கிடந்தது. நான் கையைத் தட்டினேன்.

நாற்பத்தி மூன்றில் மேலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. வளைவு முழுக்கப் பஸ்ஸுக்கு வேண்டும் என்பதால் அக்கா கீழேயே நிறுத்தினாள். பின்னால் அப்பா குதிக்கும் சத்தம், கல் வைக்கும் சத்தம். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கார் திணறிக்கொண்டிருந்தது. காத்திருந்தோம்.

திரை நூற்றி ஐந்து என்றது. நூற்றிப் பதினாலு. நூற்றி இருபத்தி இரண்டு. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, எண் ஏறுகிறது. எஞ்சின் உறுமியது. குனிந்து பார்த்தேன். அவள் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அந்தச் சரிவில் அவள் மிதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, பிரேக்கை மிதி!"

"மாட்டேன்."

"எண்ணெய் கொதிக்குதுக்கா!"

"பிரேக்கை எடுத்தா ஒரு சாண் பின்னால போகும்."

"போனா என்ன? கல்லு இருக்குதில்ல?"

"அதுக்குத்தான் மாட்டேங்கறேன்."

பக்கத்துக் கண்ணாடியைக் காட்டினாள். டயருக்கும் அப்பா வைத்த கல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"பத்து மாசமா இந்தச் சக்கரம் அந்தக் கல்லு மேல சாஞ்சதில்ல. ஒரு நாள் சாஞ்சுதுன்னா, கல்லு இல்லாம இவளால ஆகாதுன்னு முடிவாயிரும். ஒவ்வொரு டிரைவரும் தினம் பின்னால போறான், ஆரு பேசறா? நான் ஒரு சாண் போனா ஊர் பேசும். கொதிக்கட்டும்."

எழுபது புள்ளி வைத்த என் தாளில் அந்த ஒரு விரல் இடைவெளி இல்லை. கடல் தாண்டி இரும்பைத் தூக்கி வந்தவனுக்கு, அப்பாவின் பயத்துக்கும் அக்காவின் ரோஷத்துக்கும் நடுவே எண்ணெய் கொதிப்பது தெரியவில்லை. கன்வெர்ட்டர் வீண் என்று சொல்ல மாட்டேன். வளைவுக்கு வளைவு நடுவே இருந்த சூட்டை அதுதான் அடக்கியது. நிற்கும்போது பூட்டு விலகிவிடும், அப்போது ஏறும் சூட்டை உலகத்தில் எந்தக் கன்வெர்ட்டரும் அடக்காது.

"ஹேண்ட்பிரேக்கைப் போடு" என்றேன்.

"அது வண்டியை நிறுத்தி வெக்கறதுக்குத்தான? பழக்கிவிட்டவர் அப்படித்தான் சொன்னார்."

"கையால பிடிச்சு நிறுத்து. கெளம்பறப்ப ஆக்சிலேட்டரை மிதி. வண்டி இழுக்கறது தெரிஞ்சதும் கையை விடு. பின்னால போகாது."

அவள் இழுத்தாள். கிர்ரென்று பிடித்தது. காலை எடுத்தாள். எஞ்சின் அடங்கியது. கொஞ்ச நேரம் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தக் காலு, ஒத்தக் காலுன்னு ஊரே எண்ணுது. கை ரெண்டு இருக்கறதை ஒருத்தனும் எண்ணல. நீயுந்தான்."

பஸ் போனது. அவள் ஜன்னல் வழியே கத்தினாள்:

"அப்பா! கல்லை எடுத்து வண்டில போட்டுட்டு முன்னாடி வந்து உக்காரு."

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

"பயந்தா முன்னாடி உக்காந்து பயப்படு. இனிமே ஆரும் குதிக்கக் கூடாது."

அப்பா முன்னால் ஏறினார், நான் பின்னால் போனேன். ஐம்பத்தி ஒன்றில் எதிரே லாரி வந்தது. வண்டி நின்றது. என்னையறியாமல் என் கை கல்லின் மேல் போனது. கையை எடுத்துக்கொண்டேன். கிர்ரென்ற சத்தம். லாரி கடந்தது. எஞ்சின் ஒருமுறை முனகியது. வண்டி நேராக மேலே போனது, ஒரு விரல்கூடப் பின்னால் வராமல்.

செம்மேட்டில் சின்னராசு டீக்கடை முன்னால் நின்றிருந்தான். வண்டியை விட்டு இறங்கியதும் அப்பா நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டார்.

"ஏ புள்ள, ஹேண்ட்பிரேக் போடச் சொல்லிக் குடுக்கறதுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து ஆள் வரணுமா?"

"ஆமா மச்சான். அங்கிருந்து அவன் வந்தான். நீ பக்கத்து ஊட்டுல இருந்து வரலையே."

அந்தக் கல் இரண்டும் இப்போது கடையில் சிமெண்டு மூட்டைக்கு அடியில் கிடக்கின்றன, ஈரம் ஏறாமல் இருக்க.

6

டீச்சருக்குப் பதில் எழுதினேன். உதவ முயல்வதாக எழுதவில்லை. என் மகள் சொன்னதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை, வேண்டுமானால் வளைவுகளை எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதி, அக்கா வண்டியின் முன்கண்ணாடியில் போனை மாட்டி அன்று எடுத்த வீடியோவை முழுதாக அனுப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் தெரியும். மூன்றாம் நாள் பதில் வந்தது. வகுப்பே சேர்ந்து எண்ணினார்களாம், எழுபதும் சரியாம். டீச்சர் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

யாழினிக்கு நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அத்தை என்ற சொல் அவள் வாயில் அட்டை என்று விழுகிறது. இன்னும் சில வருடத்தில் அதுவும் விழாமல் போகலாம். எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இருபது பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்று, நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தும், தன் அத்தையைப் பற்றி அவள்தான் சொன்னாள். சொல்லிக்கொடுத்தது நானில்லை. சீட்டைக் கையில் கொடுத்தபோதுகூட அவள் முகத்தில் பயமில்லை. "டீச்சருக்குத்தான் தெரியல" என்றாள், ஆங்கிலத்தில்.

நேற்று அக்காவிடம் இதைச் சொன்னேன். கடையில் ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. சிரித்துவிட்டு, "இங்கயும் இன்னும் வந்து கேக்கறாங்க சாமி" என்றாள். வண்டியை ஏன் கிழித்தாய் என்று யாரும் இப்போது கேட்பதில்லையாம். எவ்வளவு செலவாச்சு என்றுதான் கேட்கிறார்கள், வீண் செலவு என்று அவள் வாயால் வரவழைக்க.

"நீ என்ன சொல்லுவே?"

"ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? கன்வெர்ட்டரு, பொத்தானு, சுங்கம், எண்ணெய், தங்கவேல் அண்ணன் கூலி, அன்னைக்குக் குழியைச் சுத்தி நின்னவங்க குடிச்ச டீ வரைக்கும் சேத்துத்தான் சொல்லுவேன். ஹேண்ட்பிரேக்குக்கு ஒண்ணுமில்ல, அது வண்டியோடயே வந்தது."

அப்போது கடையில் யாரோ அதையே கேட்டிருக்க வேண்டும். போனை விலக்கிவிட்டு, சாலைக்கும் கேட்கிற குரலில் அக்கா சொன்னாள்:

"ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறநூத்தி நாப்பது ரூவா."